தொண்ணூறு நாள் பூஜ்யம்

சவரிமுத்து தன் இருபத்து நாலு வருஷ வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவன் வேலை போகப் பார்த்தது.

புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியில் ஆர்க்கோவியா என்றொரு சாஃப்ட்வேர் கம்பெனி. ஏழு மாடி, முழுக்கக் கண்ணாடி. அதன் மூன்றாம் நம்பர் கேட்டில் அவன் செக்யூரிட்டி. ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்தவனிடம் ஆரஞ்சு நிறக் கவர் ஒன்றை நீட்டினார்கள். பிரித்தான்.

'அன்புள்ள புகைப்பவரே' என்று ஆரம்பித்தது கடிதம்.

கவரைத் திருப்பி விலாசம் பார்த்தான். அவன் பெயர்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

தோளுக்கு மேலாக ஜலீல் பாய் எட்டிப் பார்த்தார். மேலப்பாளையத்துக்காரர், அதே கேட்டில் பதினோரு வருஷ சர்வீஸ்.

"ஏல, எப்பல ஆரம்பிச்சே?"

"எதை பாய்?"

"இதைத்தாம்ல. எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?"

"நான் எங்க பாய் புடிச்சேன்? அந்த நாத்தமே எனக்கு ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ல. கடுதாசிக்குத் தெரியலியே!"

தொண்ணூறு நாள் மீட்புத் திட்டத்தில் அவனைச் சேர்த்திருக்கிறார்களாம். தினமும் எட்டரைக்குப் பார்க்கிங்கில் நுரையீரல் டிரில். தொண்ணூறாம் நாள் முன்னேற்றம் தெரியாவிட்டால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட மாட்டாது. இப்படிக்கு, நலவாழ்வுப் பிரிவு, ஆறாவது மாடி.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறிப் போனான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்து, டாக்டர் பத்ரி முதலில் குறித்துக்கொண்டது அந்த மேல்மூச்சைத்தான்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். ஊழியர்கள் நாற்காலியில் எத்தனை டிகிரி சாய்ந்து உட்கார்ந்தால் எத்தனை இமெயில் அனுப்புவார்கள் என்பது ஆராய்ச்சி. மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் கும்பகோணத்துக் குடும்பம்.

"வாப்பா சவரிமுத்து. உக்காரு... வேண்டாம், நின்னுண்டே பேசு. நிக்கறது லங்ஸுக்கு நல்லது."

"சார், நான் சிகரெட் புடிக்கிறதில்ல சார்."

பத்ரி பரிதாபமாகச் சிரித்து நோட்டில் எழுதினார். "மறுப்பு. அதான் முதல் அறிகுறி."

"நெசமாத்தான் சார்..."

"மறுபடியும் மறுப்பு. அரே பாபா, ரொம்ப முத்திண்டிருக்கு போலிருக்கே!"

சுவரில் சோபா அளவுக்கு ஒரு வரைபடம் தொங்கியது. பத்ரி குச்சியை எடுத்தார்.

"இதோ பார். பதினெட்டுலேர்ந்து முப்பது வயசு வரைக்கும் இருக்கற எல்லாரையும் சர்வே பண்ணியாச்சு. படிப்பு ஏற ஏற, புகை இறங்கும். ப்ளஸ் டூவும் கீழேயும் இதோ உச்சாணியில. பி.இ. பாதி வழியில. எம்.டெக். தரையோட தரை. என்னை மாதிரி பிஎச்.டி.க்கு கிராஃபே போட முடியலை, பேப்பருக்குக் கீழே போயிடறது."

"என்னை யாரும் வந்து கேக்கவே இல்லியே சார்."

"உன்னை எதுக்குப்பா கேக்கணும்? படிச்சவாகிட்ட கேட்டோம், புகைப்பேளான்னு. இல்லைன்னா. குறிச்சுண்டோம். படிச்சவா பொய் சொல்வாளோ? படிக்காதவாகிட்ட கேட்டா பயத்துல இல்லைன்னு பொய் சொல்வா. டேட்டா கெட்டுப்போயிடும். அதனால கேக்கலை."

சவரிமுத்து கடிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டான். கீழே இறங்கி வந்துவிட்டான்.

அவன் அப்பா தளேகாவில் ஒரு ஃபாக்டரியில் வெல்டர். நாளைக்கு இரண்டு கட்டு பீடி. நாற்பத்தாறு வயதில், இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். பி.காம். விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த சவரிமுத்து அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, காக்கிச் சட்டை மாட்டி அம்மாவுக்குச் சோறு போட வந்தான். பீடிதான் அவன் படிப்பை நிறுத்தியது. படிப்பு நின்றுபோனதால் இப்போது அவனைப் பீடிக்காரன் என்கிறார்கள். இதை எழுதி எந்தப் புகார்ப் பெட்டியில் போடுவது?

*

ஆர்க்கோவியாவில் ஒருவர் படிப்பை முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே பட்டம் அச்சடித்திருக்கும். கழுத்தில் தொங்கும் டேக்குக்கும் நிறம் உண்டு. பிஎச்.டி. தங்கம், எம்.டெக். நீலம், பி.இ. பச்சை, ப்ளஸ் டூவும் அதற்குக் கீழும் ஆரஞ்சு.

மூன்றாம் நம்பர் கேட்டுக்கு வெளியே இருபதடி தள்ளி ஒரு டப்ரி. தகரக் கூரை போட்ட பெட்டிக்கடை. கட்டிங் சாய், வடாபாவ், சிகரெட். 'ஆர்க்கோவியாவின் அடையாள அட்டையை அணிந்திருக்கும் எவரும் புகைக்க மாட்டார்' என்பது கம்பெனியின் உறுதிமொழி. படித்தவர்கள் உறுதிமொழியை நன்றாகப் படித்தார்கள். டப்ரிக்குப் போகும்முன் அட்டையைக் கழற்றி செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கழற்றிய அட்டைகளை மாட்ட கேபின் சுவரில் ஒரு பலகை. எண்பது ஆணி. நீலமும் பச்சையும் அதில் தோரணம் மாதிரி ஆடும். முதல் ஆணிக்கு மட்டும் தங்க டேக். அது பத்ரியுடையது. அவர் டப்ரிக்குப் போவது சிகரெட் பிடிக்க அல்ல, கள ஆய்வுக்கு. நாளைக்கு நாலு தடவை கள ஆய்வு. முடித்துத் திரும்பும்போது ஏலக்காய் மென்றுகொண்டே வருவார்.

போன மழைக்காலத்தில் ஒரு விபரீதம் நடந்தது. வெள்ளையடிக்க வந்த ஆள் ஒருவன் ஆணியிலிருந்து ஒரு நீல டேக்கை எடுத்து மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போய், எம்.டெக். ஆக இரண்டு காபி குடித்துவிட்டான். பத்ரி கொதித்துப்போய்ச் சர்க்குலர் பதினாலைப் பிறப்பித்தார். கழற்றிய அட்டைகளுக்குப் பொறுப்பு, பணியில் இருக்கும் செக்யூரிட்டி. அவர் எங்கே போனாலும் பலகை அவரோடு போக வேண்டும். பெயரையும் பட்டத்தையும் உரக்கப் படித்து, உரியவர் நேரில் வந்தால் மட்டுமே அட்டையைத் தர வேண்டும். அட்டை இல்லாமல் யார் வந்தாலும், அது யாராக இருந்தாலும், சுழல்கதவைத் திறக்கக் கூடாது.

'அது யாராக இருந்தாலும்' என்பதற்குக் கீழே பத்ரியே கோடு போட்டிருந்தார்.

அன்றிலிருந்து சவரிமுத்து பாத்ரூம் போனாலும் பலகை பின்னால் போனது.

*

எட்டரை மணி டிரில். நாற்பத்தொரு ஆரஞ்சு டேக்குகள் பார்க்கிங்கில் வரிசையாக நின்றன. டிரைவர்கள், கூட்டிப் பெருக்கும் அக்காக்கள், தோட்டக்காரர். அதில் ஏழெட்டுப் பேர் நிஜமாகவே புகைப்பவர்கள். அவர்கள்தான் மற்றவர்களுக்கு எப்படி இருமுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

நடத்தியவன் அபினவ். எம்.டெக்., இருபத்தேழு வயது, கம்பெனியின் 'புகையிலாத் தூதர்'. காலி சிகரெட் பெட்டியை ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் நீட்டுவான். அவர்கள் முகத்தைத் திருப்பி "வேண்டாம்" என்று மூன்று தடவை கத்த வேண்டும். பெட்டிக்குப் பஞ்சம் வந்ததில்லை. தினமும் ஒன்று அவன் பாக்கெட்டிலேயே காலியாகும்.

"ப்ரோ, நீ மனசுலேர்ந்து சொல்லல," என்றான் சவரிமுத்துவிடம். அவன் பேச்சோடு கூடவே புகை நாற்றமும் வந்தது. "உனக்கு உள்ளே ஆசை இருக்கு. ஐ கேன் ஸ்மெல் இட்."

"அது உங்க சட்டை சார்."

அபினவ் பெருமூச்சு விட்டு 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறித்தான்.

கடைசியில் மூச்சுமானி. கையடக்க மெஷின், குழாயில் ஊதினால் நெஞ்சில் எவ்வளவு புகை என்று நம்பர் காட்டும். சவரிமுத்து ஊதினான். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். நாற்பதாம் நாள் பத்ரி கூப்பிட்டு அனுப்பினார். பரவாயில்லை, மெஷின் உண்மையைச் சொல்லிவிட்டது என்று சந்தோஷமாகப் போனான்.

பத்ரி தலையில் கை வைத்திருந்தார்.

"என்னப்பா இது? முதல் நாள் பூஜ்யம், நாப்பதாம் நாளும் பூஜ்யம். ஒரு இம்மிகூட முன்னேற்றம் இல்லையே!"

"பூஜ்யம்னா நல்லதுதானே சார்?"

"யாருக்கு நல்லது? எனக்கு இறங்குமுகம் வேணும். அந்தத் தோட்டக்காரனைப் பாரு, இருவத்திரண்டுலேர்ந்து பதினாறு. ரத்தினம்! நீ பூஜ்யத்துலேர்ந்து எங்கே இறங்குவே? பாதாளத்துக்கா?" குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. ஒரு வாரம் நன்னா புடி. எண்ணிக்கையை இருபதுக்கு ஏத்து. அப்புறம் விட்டுடு. நிறுத்தறதுக்கு முதல்ல ஆரம்பிக்கணுமோன்னோ? ஆரம்பச் செலவு என்னோடது." மேஜை டிராயரைத் திறந்து ஒரு பாக்கெட்டை நகர்த்தினார். புகையிலா வளாகம் என்று சுவரில் எழுதியிருந்த அதே அறையில்.

"மாட்டேன் சார்."

"வேலை போயிடும்ப்பா."

"எங்கப்பா இதுலதான் சார் செத்தாரு."

பத்ரியின் முகம் மலர்ந்தது. "அப்படியா! குடும்ப வரலாறு. இதை நீ முதல்லயே சொல்லியிருக்கணும்." எழுதிக்கொண்டார்.

*

எண்பத்தொன்பதாம் நாள் வந்தது. மறுநாள் புகையிலா வளாக மன்றத்தின் ஜூரி வருகிறது. அகில இந்தியச் சான்றிதழ் தருவது அவர்கள்தான். தலைவி பார்வதி அம்மாள். புனேயின் ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்த தமிழம்மா, அறுபது வளாகங்களைப் பார்த்தவர், சிரித்ததாகச் சரித்திரம் இல்லை.

பத்ரி அன்றைக்கு சவரிமுத்துவை உட்காரவே வைத்தார். காபிகூட வந்தது.

"உனக்கு ஒரு சான்ஸ் தரேன். நாளைக்கு மேடையில மீண்டவரின் வாக்குமூலம்னு ஒரு ஐட்டம். நீ பேசறே. நான் எழுதிக் குடுத்திருக்கேன், அப்படியே ஒப்பி. உன் ரிப்போர்ட்ல நானே முதல் நாள் இருபத்தஞ்சுன்னு மாத்திடறேன். பாஸ். இல்லைன்னா நாளன்னிக்கு நீ கேட்டுக்கு அந்தப் பக்கம்."

சவரிமுத்து காகிதத்தைப் படித்தான். ஹிந்தியில் இருந்தது. 'நான் படிக்காதவன். அதனால் புகைத்தேன். என் அப்பாவும் படிக்காதவர். அவர் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து இந்தப் பழக்கம். படித்த பெரியவர்கள் என்னை மனிதனாக்கினார்கள்.'

இரண்டாம் தடவை படித்தான். அப்பா தளேகாவ் ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்தது. 'இந்த எழவைத் தொட்டிராதல, சவரி.'

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதை பத்ரி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு சார் வரணும்?"

"பத்து அம்பதுக்கு மேடைக்குப் பின்னாடி இருக்கணும். ஒரு நிமிஷம் லேட்டானாலும் தொலைச்சுடுவேன்."

"சரி சார். சர்க்குலர் பதினாலு நாளைக்கும் உண்டுதானே சார்?"

"என்ன கேள்வி இது? நாளைக்குத்தான் முக்கியமா உண்டு. ஜூரி பாத்து அசந்து போகணும். வரிக்கு வரி கடைப்பிடி!"

"வரிக்கு வரி பிடிக்கிறேன் சார்," என்றான் சவரிமுத்து.

*

மறுநாள் காலை பத்தரை. விழா பதினொன்றுக்கு. முடிய ஒன்றரை ஆகும். நடுவில் எழுந்து போகக் கூடாது என்று பத்ரியின் கண்டிப்பான உத்தரவு.

இரண்டரை மணி நேரம்! ஏழு மாடியும் ஒரே நேரத்தில் இதையே யோசித்தது. பத்து முப்பத்தைந்துக்கு மூன்றாம் நம்பர் கேட்டில் க்யூ நின்றது. முன்கூட்டியே இரண்டு பிடித்து வைத்துக்கொண்டால் தாங்கும் என்று கணக்கு. நீலம், பச்சை, பச்சை, நீலம். விழாக் கமிட்டி மொத்தமாக வந்தது. 'புகையில்லா இளமை' என்று மார்பில் எழுதிய வெள்ளை டி-ஷர்ட்டோடு அபினவ் வந்தான். பத்து நாற்பத்தாறுக்கு வேர்க்க விறுவிறுக்க பத்ரி வந்தார்.

"சவரி, ஒரு சின்னக் கள ஆய்வு. மூணே நிமிஷம். டென்ஷனா இருக்குப்பா." தங்க டேக் முதல் ஆணியில் ஏறியது.

அறுபத்து மூன்று அட்டைகள்.

பத்து ஐம்பது. சவரிமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பலகையைச் சுவரிலிருந்து கழற்றித் தோளில் சாத்தினான்.

"எங்கல போறே அதைத் தூக்கிக்கிட்டு?" என்றார் ஜலீல் பாய்.

"மேடைக்கு பாய். பலகை கூடவே வரணும்னு சர்க்குலர்."

ஜலீல் பாய் அவனைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த வெள்ளை மேகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷமாக அவர் மீசைக்கடியில் ஒளிந்திருந்த ஒரு சிரிப்பு மெதுவாக வெளியே வந்தது.

"போய்ட்டு வால. அட்டை இல்லாம ஒரு ஈ, காக்கா உள்ள வராது. அது யாரா இருந்தாலும்."

*

பார்வதி அம்மாள் ஒன்றாம் நம்பர் கேட் வழியாக வந்து, சரியாகப் பதினொன்றுக்கு முன் வரிசையில் அமர்ந்தார். பக்கத்தில் கமிட்டிக்காகப் போட்டிருந்த வெல்வெட் நாற்காலிகள் வரிசையாகக் காலி. நடுவில், புகைக்காத இன்ஜினீயர்கள் திட்டுத் திட்டாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இரண்டு வரிசையில் ஆரஞ்சு டேக்குகள்.

தொகுத்து வழங்கிய தீப்தி என்ற பெண் பத்ரிக்குப் பதினோராவது தடவையாகப் போன் போட்டாள். வரவேற்புரை பத்ரி. ஆளில்லை. தூதரின் உரை அபினவ். ஆளில்லை. பட்டியலில் அடுத்தது மீண்டவரின் வாக்குமூலம். ஆள் தயாராக, பெரிய பலகையோடு நின்றான். அவள் நிம்மதியாக மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

சவரிமுத்து ஹிந்தியில்தான் பேசினான். நம் வசதிக்குத் தமிழில்.

"வணக்கம். நான் சவரிமுத்து. ப்ளஸ் டூ. எனக்கு ஒரு உரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நான் இப்போது டூட்டியில் இருக்கிறேன். முதலில் இந்த அட்டைகளை ஒப்படைக்க வேண்டும். பெயரையும் பட்டத்தையும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது டாக்டர் பத்ரி சாரின் உத்தரவு."

எண்பதாம் ஆணிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

"ஜெயந்த், பி.இ. வந்திருக்கிறாரா?"

மௌனம்.

"ஸ்ரீரஞ்சனி, எம்.டெக். வந்திருக்கிறாரா?"

பார்வதி அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"சந்துரு, எம்.டெக்., விழாக் கமிட்டிச் செயலாளர். வந்திருக்கிறாரா?"

கடைசி வரிசையிலிருந்து, இருமல் கற்றுக்கொண்ட கூட்டும் அக்கா ஒருத்தி மராத்தியில் உதவிக்கு வந்தாள். "டப்ரிவர்!"

டப்ரியில் இருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த பெயருக்கு நாலு குரல் சேர்ந்தது. பத்தாவது பெயருக்கு நாற்பது. இருபதாவது பெயருக்கு நடுவில் இருந்த பச்சை டேக்குகளும் சேர்ந்துகொண்டன. சவரிமுத்து ஜெபமாலை உருட்டுவது போல ஒவ்வொரு டேக்காகத் தள்ளிப் படித்தான். பெயர், பட்டம், பதவி. சபை ஒரே குரலில்: "டப்ரிவர்!"

"அபினவ், எம்.டெக்., புகையிலாத் தூதர்."

"டப்ரிவர்!"

பார்வதி அம்மாள் எழுந்தார். சபை அடங்கியது. பெயரை வைத்து அவன் தமிழன் என்று கண்டுபிடித்துவிட்டார் போலும், தமிழிலேயே கேட்டார். "இவா எல்லாரும் ஏன் உள்ளே வரலை?"

"கார்டு இல்லாம உள்ள வர முடியாது மேடம்."

"கார்டு எங்கே?"

"எங்கிட்ட மேடம்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"நேர்ல வந்தாத்தான் குடுக்கணும் மேடம்."

"நேர்ல ஏன் வரலை?"

"கார்டு இல்ல மேடம்."

பார்வதி அம்மாள் சற்று யோசித்தார். அறுபது வளாகங்கள் பார்த்த வாய் ஒரு ஓரமாகக் கோணியது. "மிச்சத்தையும் படி."

மிச்சம் ஒன்றுதான். முதல் ஆணி. சவரிமுத்து தங்க டேக்கைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். பட்டத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

"டாக்டர் பத்ரி. பி.ஏ., எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. நலவாழ்வுப் பிரிவுத் தலைவர்."

அந்த நேரத்தில் மூன்றாம் நம்பர் கேட்டில் டாக்டர் பத்ரி, சுழல்கதவுக்கு அடியில் புகுந்து வர முயன்று, இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். ஜலீல் பாய் அவருக்குச் சர்க்குலர் பதினாலை உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார், கோடு போட்ட இடத்தில் அழுத்தி.

*

இவ்வளவு நடந்தால் நலவாழ்வுப் பிரிவை மூடியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குப் பிரிவுகளைப் பற்றித் தெரியாது. ஒரு பிரிவு எதற்காகவும் மூடப்படுவதில்லை. தரவு திருத்தப்பட்டது, அவ்வளவுதான். வரைபடத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். அறுபத்து மூன்று பேருக்கு ஆரஞ்சு டேக். தொண்ணூறு நாள். எட்டரை மணி. பார்க்கிங்.

டிரிலை யார் நடத்துவது என்பதில் மட்டும் ஒரு சிக்கல். மன்றத்தின் விதிப்படி, தொடர்ந்து தொண்ணூறு நாள் மூச்சுமானியில் பூஜ்யம் காட்டியதற்கு எழுத்துபூர்வ ஆதாரம் உள்ளவர்தான் நடத்த வேண்டும். ஏழு மாடியிலும் சல்லடை போட்டுத் தேடினார்கள். புகைக்காத மற்ற ஆரஞ்சு டேக்குகளின் முதல் நாள் நம்பரை பத்ரி முந்தின வாரமே ஏற்றி எழுதி முடித்திருந்ததால், அப்படி ஆதாரம் இருந்தது ஒரே ஓர் ஆளுக்கு. பத்ரி 'இருபத்தஞ்சு' என்று திருத்த, விழா அன்று காலையில் நேரம் கிடைக்காமல் போன ரிப்போர்ட்.

திங்கட்கிழமை. சவரிமுத்து கழுத்தில் விசில், கையில் மூச்சுமானி. புது கான்ட்ராக்ட் சட்டைப் பையில். வெயில் சுள்ளென்று இறங்கியது. முதல் வரிசையில் முதல் ஆளாக பத்ரி; நலவாழ்வுப் பிரிவில் இப்போது அவர் உதவியாளர்.

"ஊதுங்க சார்."

பத்ரி சுற்றுமுற்றும் பார்த்தார். "நமக்குள்ளே எதுக்குப்பா? நான் எங்கே புகைக்கறேன், அது கள ஆய்வுன்னு உனக்கே தெரியுமே."

"மறுப்பு," என்று சவரிமுத்து நோட்டில் எழுதினான். "அதான் சார் முதல் அறிகுறி. ஊதுங்க."

பத்ரி ஊதினார். இருபத்தேழு.

"சவரி... ஒரு பூஜ்யம் போட்டுடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பூஜ்யம் போட்டா நாளைக்கு எங்க சார் இறங்குவீங்க? பாதாளத்துக்கா?"

காலி சிகரெட் பெட்டியை எடுத்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"வேண்டாம்னு மூணு தடவை சொல்லுங்க சார். சத்தமா. எங்கப்பாவுக்குக் கேக்கணும்."